கடலை எண்ணெய் காறாம இருக்க: செக்கு, டின், பாக்கெட் வந்த வரலாறு



விழா மலருக்குக் கட்டுரை எழுதச் சொன்னப்போ, சேமிப்பு, கடன், கூட்டம் பற்றி மத்த சகோதரிகள் நல்லா எழுதுவாங்கன்னு தோணிச்சு. அதனால நான் கடலை எண்ணெயை எடுத்துக்கிட்டேன். வண்டலூர், மண்ணிவாக்கம், நெடுங்குன்றம், ஊரப்பாக்கம்னு நம்ம பக்கத்துல இப்ப பல குழுக்கள் ஒண்ணா சேர்ந்து செக்கு எண்ணெய் வாங்கிப் பங்கு போட்டுக்குறோம். சிலர் முறுக்கு, அதிரசம் போட்டு விற்கிறாங்க. அப்ப அடிக்கடி காதுல விழற ஒரு பேச்சு இது: "செக்கு எண்ணெய்னு நம்பி வாங்கினேன், ரெண்டே மாசத்துல காறிப் போச்சு. கடைக்காரன் ஏமாத்திட்டான்."

சில சமயம் ஏமாத்தலும் நடக்குது, இல்லைன்னு சொல்லல. ஆனா பெரும்பாலும் நடக்கிறது வேற. செக்கு எண்ணெயை வீட்டுல வைக்கிற வித்தை நம்ம ஆயாமாருக்குத் தெரிஞ்சிருந்தது. நடுவுல முப்பது நாப்பது வருஷம் பாக்கெட் எண்ணெய் வந்ததால அந்த வித்தை தேவைப்படல, மறந்து போச்சு. இப்ப செக்கு திரும்பி வந்திருக்கு, வித்தை மட்டும் வரல. அது எப்படிப் போச்சு, எப்படித் திரும்பக் கொண்டு வர்றதுன்னு எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் எழுதியிருக்கேன்.

எள்ளுக்குச் சொந்தமான பேரு

எண்ணெய்ங்கிற சொல்லே எள் + நெய். அதாவது எள்ளுல இருந்து எடுத்த நெய். அதுக்கப்புறம்தான் தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெய், கடலை எண்ணெய், ஏன் மண்ணெண்ணெய்க்குக்கூட அந்தப் பேரு ஒட்டிக்கிச்சு. சோழர் காலத்துக் கல்வெட்டுகள்ல "செக்கிறை"ன்னு ஒரு வரி வருது. செக்கு ஓட்டறவங்க கட்ட வேண்டிய வரி. அப்ப செக்குல ஆட்டினது எள்ளும், விளக்குக்கு இலுப்பையும், ஆமணக்கும். கடலை கிடையாது. ராஜராஜன் காலத்துல தஞ்சாவூர்ல யாரும் கடலை எண்ணெயில வடை சுட்டிருக்க முடியாது. ஏன்னா அந்தச் செடியே அப்ப நம்ம நாட்டுல இல்லை.

மல்லாட்டை வந்த கதை

வேர்க்கடலையோட தாய்நாடு தென் அமெரிக்கா. பெரு நாட்டுல பழங்காலத்துக் கல்லறைகள்ல செத்தவங்களோட கடலையையும் வெச்சுப் புதைச்சிருக்காங்க. போர்ச்சுக்கீசியர், ஸ்பானியர் கப்பல்கள் வழியா அது ஆப்பிரிக்காவுக்கும் ஆசியாவுக்கும் பரவிச்சு. நம்ம பக்கம் வந்த வழியை அதோட பேரே சொல்லுது. மணிலாக்கொட்டை. மணிலா பிலிப்பைன்ஸ் நாட்டுத் தலைநகரம். மணிலாக்கொட்டைதான் பேச்சுல தேஞ்சு மல்லாட்டை ஆச்சு. திண்டிவனம், விழுப்புரம் பக்கத்துல இருந்து கல்யாணம் கட்டி வந்த சகோதரிகள் இன்னமும் மல்லாட்டைன்னுதான் சொல்றாங்க.

ரொம்ப நாள் அது சாப்பிடற பண்டமாத்தான் இருந்தது. எண்ணெய்க்காக ஏக்கர் ஏக்கரா போட ஆரம்பிச்சது 19ஆம் நூற்றாண்டோட பின்பாதியிலதான். அதுக்குக் காரணம் நம்ம ஊர் அடுப்பு இல்லை. பிரான்ஸ் நாட்டு சோப்பு.

மார்செய் துறைமுகத்துல நடந்தது

பிரான்ஸ் நாட்டுத் தென்கோடியில மார்செய்னு ஒரு துறைமுக நகரம் இருக்கு. சோப்புக்குப் பேர் போன ஊரு. சோப்புக்கு எண்ணெய் வேணும். புதுச்சேரி அப்ப பிரெஞ்சுக்காரங்க கையில இருந்தது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் ஆப்பிரிக்காவைச் சுத்திப் போன கப்பல் குறுக்கு வழியில போக ஆரம்பிச்சது. தென்னாற்காடு மாவட்டத்து மல்லாட்டை மூட்டை மூட்டையா புதுச்சேரிக்கு வண்டி ஏறி, அங்கிருந்து மார்செய்க்குக் கப்பல் ஏறிச்சு.

நம்ம விஷயம் இங்கதான் ஆரம்பிக்குது. ஆப்பிரிக்காவுல செனகல் நாட்டுல இருந்தும் அதே மார்செய்க்குக் கடலை போச்சு. அது தோலோட, அதாவது ஓட்டோட முழுக்காயா போச்சு. நம்ம கடலை உடைச்சு, பருப்பா போச்சு. முழுக்காய் இடத்தை அடைக்கும், தூரமும் அதிகம், கப்பல் கூலி கட்டாது. அதனால உடைச்சு அனுப்பினாங்க. உடைக்கிறதுக்குச் சுலபமா இருக்கட்டும்னு காயைத் தண்ணியில நனைச்சு, ஓடு ஊறின பிறகு தட்டி உடைப்பாங்க. தண்ணி ஏறினா எடையும் கூடும், விற்கிறவங்களுக்கு அது ஒரு லாபம்.

நனைஞ்ச பருப்பு சாக்குல அடைஞ்சு, கப்பலோட அடித்தட்டுச் சூட்டுல வாரக்கணக்குல கிடந்தா என்ன ஆகும்? புழுங்கிப் போச்சு, பூஞ்சை பிடிச்சுது, காறல் ஏறிச்சு. செனகல் கடலையில இருந்து சாப்பாட்டு எண்ணெய் எடுத்தாங்க. நம்ம கடலை எண்ணெய் பெரும்பாலும் சோப்புக்குத்தான் போச்சு. சோப்பு எண்ணெய்க்கு விலை குறைவு. நம்ம விவசாயி பாடுபட்டது அதே பாடுதான். கடைசியில தெளிச்ச தண்ணிதான் விலையைக் குறைச்சது. பின்னாடி உலர்ந்த காயையே உடைக்கிற இயந்திரங்கள் வந்த பிறகுதான் நிலைமை மாறிச்சு.

நூறு வருஷத்துக்கு முந்தின கதை நமக்கு எதுக்குன்னு நினைக்காதீங்க. இதுல ஒரு பாடம் இருக்கு. எண்ணெய் கெடறது பாட்டில்ல ஆரம்பிக்கிறது இல்லை, காயிலயே ஆரம்பிக்குது. ஈரக் கடலையை ஆட்டினா எந்தச் செக்கும் நல்ல எண்ணெய் தராது. இன்னிக்கும் கையால உடைக்கிற இடத்துல உட்கார்ந்திருக்கிறது நம்மளை மாதிரி பெண்கள்தான். நனைச்சா விரல் நோகாதுங்கறது உண்மைதான். ஆனா எண்ணெய்க்குப் போற கடலையை நனைக்கவே கூடாது.

1890களில் விளைச்சல் குறைஞ்சு போய், வெளிநாட்டு விதை கொண்டு வந்து போட்டாங்க. பாலூர், திண்டிவனம்னு ஆராய்ச்சி நிலையங்கள் வந்தது. திண்டிவனத்துல இருந்து 1940இல் வந்த டி.எம்.வி. 2 ரகம் ஆந்திரா, கர்நாடகா வரைக்கும் பரவிச்சு. அந்த டி.எம்.வி.ங்கிறது திண்டிவனத்தோட சுருக்கம்தான்.

செக்குல இருந்து டின்னுக்கு

ஊர்ச் செக்கு இருந்த காலத்துல எண்ணெயைப் பாதுகாக்கிறது பெரிய பிரச்சினையே இல்லை. எண்ணெயைச் சேமிச்சு வைக்க மாட்டாங்க, கடலையாவே சேமிச்சு வைப்பாங்க. ஓட்டோட காய வெச்ச காயை மூட்டை கட்டி வெச்சு, தேவைப்படறப்ப உடைச்சு, செக்குக்குக் கொண்டு போய் ஆட்டிக்கிட்டு வருவாங்க. புண்ணாக்கு மாட்டுக்கு. காசு இல்லாதவங்க செக்காரர் கிட்ட ஆழாக்கு, உழக்குன்னு அன்னன்னிக்கு வாங்கினாங்க. கடலைக்கு அதோட ஓடுதான் நல்ல டப்பா. அதைவிட நல்ல பாத்திரம் இதுவரைக்கும் யாரும் கண்டுபிடிக்கல.

செக்கு ஓட்டறது லேசான வேலை இல்லை. மாடு சுத்துற வேலை. 1908இல் தண்டனை பெற்ற வ.உ.சிதம்பரனாரைக் கோயம்புத்தூர் சிறையில மாட்டுக்குப் பதிலா செக்கிழுக்க வெச்சாங்கன்னு பள்ளிக்கூடத்துலயே படிச்சிருக்கோம். அந்தப் பாரத்தைக் குறைக்க இயந்திரம் வந்தது நல்லதுதான். ரோட்டரி, எக்ஸ்பெல்லர்னு ஆலைகள் வந்ததும் டவுன்ல மொத்தமா ஆட்டி, டின்னுல அடைச்சு ஊர் ஊரா அனுப்பினாங்க. மண்ணெண்ணெய் வந்த சதுர டின்னே எண்ணெய் டின்னா மாறிச்சு. 15 கிலோ டின்ங்கிற கணக்கு இன்னிக்கும் கடையில இருக்கு.

டின் வந்ததும்தான் எண்ணெய்க்கு வயசு வர ஆரம்பிச்சது. ஆட்டின நாளு வேற, டின் அடைச்ச நாளு வேற, கடைக்கு வந்த நாளு வேற, நம்ம தூக்குக்குள்ள வந்த நாளு வேற. 1934இல் காந்தியடிகள் அகில இந்திய கிராமத் தொழில் சங்கத்தை வார்தாவுல ஆரம்பிச்சார். அதோட செயலாளர் நம்ம தஞ்சாவூர்ல பிறந்த ஜே.சி.குமரப்பா. அங்க மகன்வாடியில நாட்டுச் செக்கைத் திருத்தி, குறைஞ்ச பாரத்துல நிறைய எண்ணெய் வர்ற மாதிரி செஞ்சாங்க. செக்கு எண்ணெய் புதுசு, கலப்படம் செய்ய வழி குறைவு, ஊர்ல வேலையும் நிக்கும், புண்ணாக்கும் ஊர்லயே தங்கும்ங்கறது அவங்க வாதம்.

ஆனா காலம் வேற பக்கம் போச்சு. 1937இல் டால்டா வந்தது. திரவ எண்ணெய்க்குள்ள ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்தி நெய் மாதிரி உறைய வெச்சதுதான் வனஸ்பதி. அந்தக் காலத்துல அதுக்கு அதிகமா போனது கடலை எண்ணெய்தான். அது சீக்கிரம் காறாது, டப்பாவுல மாசக்கணக்குல நிக்கும். நெய்யில அதைக் கலந்து விற்கிறதைக் கண்டுபிடிக்க, வனஸ்பதியில 5 சதவீதம் நல்லெண்ணெய் கட்டாயம் சேர்க்கணும்னு அரசாங்கம் சட்டம் போட்டது. நல்லெண்ணெய் இருந்தா பரிசோதனையில சிவப்பு நிறம் காட்டிக் கொடுத்துரும்.

பாக்கெட் வந்த பிறகு

அப்புறம் சூரியகாந்தி, பாமாயில், ரீஃபைண்ட் பாக்கெட். 2007இல் இருந்து ரேஷன் கடையில சிறப்புத் திட்டத்துல பாமாயில் கிடைக்குது. கடலை எண்ணெய் நம்ம அடுப்படியில இருந்து மெதுவா வெளியே போச்சு.

பாக்கெட் வந்ததுக்கு இன்னொரு காரணமும் உண்டு. 1998இல் டெல்லியில கடுகு எண்ணெயில பிரம்மதண்டு விதை எண்ணெய் கலந்து, அதைச் சாப்பிட்டவங்களுக்குக் கால் வீங்கி, மூச்சு முட்டி, பலர் இறந்தாங்க. அந்த வருஷமே சமையல் எண்ணெயைப் பொட்டலத்துலதான் விற்கணும்னு மத்திய அரசு ஆணை போட்டது. அதுக்கப்புறம் 2006ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டத்தோட விதிகளும் சில்லறையா ஊத்தி விற்கிறதைத் தடுக்குது. தினக்கூலியில பத்து ரூபாய்க்கு எண்ணெய் வாங்கினவங்களுக்கு இது கஷ்டம்தான். ஆனா யாரு அடைச்சது, எப்ப அடைச்சதுன்னு கேட்க ஒரு வழியும் கிடைச்சது.

ரீஃபைண்ட் எண்ணெயில அமிலத்தை எடுத்து, நிறத்தை எடுத்து, வாசனையையும் எடுத்துடறாங்க. ஈரமும் வண்டலும் இருக்காது. சில எண்ணெயில காறாம இருக்க மருந்தும் அனுமதிச்ச அளவுல சேர்ப்பாங்க, பாக்கெட்ல அச்சிட்டிருக்கும். அதனால அது அடுப்புப் பக்கத்துலயே கிடந்தாலும் கொஞ்ச நாள் தாங்கும். நாமளும் அதே பழக்கத்துல செக்கு எண்ணெயைக் கொண்டு வந்து அடுப்புப் பக்கத்துல வைக்கிறோம். அங்கதான் வம்பு.

எண்ணெய் ஏன் காறுது?

காறலுக்கு ரெண்டு வழி இருக்கு.

முதல் வழி தண்ணி. எண்ணெயில ஈரமும் கடலைத் துகளும் இருந்தா, எண்ணெய் உடைஞ்சு அமிலம் பிரியும். அந்த அமிலம்தான் தொண்டையில காறுது. மார்செய்க்குப் போன கடலைக்கு நடந்தது இதுதான்.

ரெண்டாவது வழி காத்து. காத்துல இருக்கிற ஆக்சிஜன் எண்ணெயோட சேர்ந்து அதைக் கெடுக்கும். இதுல வர்றதுதான் சிக்கு வாடை. வெளிச்சமும் சூடும் இதை வேகப்படுத்தும். செம்பு, பித்தளை, துருப்பிடிச்ச இரும்பு பட்டா இன்னும் வேகம். பித்தளைத் தூக்குக்கு அந்தக் காலத்துல ஈயம் பூசினது சும்மா இல்லை.

இது ஆரம்பத்துல மெதுவா நடக்கும், வெளியே தெரியாது. ஒரு கட்டத்துக்கு மேல மளமளன்னு ஓடும். "நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு"ன்னு சொல்றோமே, அது இதனாலதான். உறையூத்தின பாலை நினைச்சுக்கோங்க. கெட்ட எண்ணெய் கொஞ்சம் இருந்தாலும் அது நல்ல எண்ணெயையும் இழுத்துக்கிட்டுப் போகும். பழைய எண்ணெய் மேல புது எண்ணெயை ஊத்தாதேன்னு பெரியவங்க சொன்னதுக்கு அர்த்தம் இது.

கெட்டுப் போனதை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

மூக்குதான் முதல் சாட்சி. பாட்டில் வாயை மோந்து பார்த்தா மட்டும் போதாது. உள்ளங்கையில ரெண்டு சொட்டு விட்டு, ரெண்டு கையையும் சூடு வர்ற வரைக்கும் தேய்ச்சு மோந்து பாருங்க. நல்ல கடலை எண்ணெயில வறுத்த கடலை மாதிரியோ பச்சைக் கடலை மாதிரியோ வாசனை வரும். கெட்டதுல, ரொம்ப நாள் கழுவாத காமாட்சி விளக்குல வர்ற பிசுக்கு வாடை வரும். பழைய பெயிண்ட் டப்பா வாடைன்னும் சொல்லலாம்.

ரெண்டாவது நாக்கு. ஒரு சொட்டு நாக்குல வெச்சுப் பார்த்துத் துப்பிடுங்க. தொண்டையில கரகரன்னு பிடிச்சா அமிலம் ஏறிடுச்சுன்னு அர்த்தம். லேசான கசப்பும் தெரியும்.

மூணாவது விரல். டின் வாய், மூடி, பாட்டில் கழுத்துல கோந்து மாதிரி ஒட்டுற பிசுக்கு இருந்தா அங்க எண்ணெய் கெட்டிருக்கு. உள்ளே ஊத்தறப்ப அந்தப் பிசுக்கும் சேர்ந்துதான் போகும்.

நாலாவது வாணலி. வழக்கத்தைவிடச் சீக்கிரம் புகையுது, பண்டத்தை எடுத்த பிறகும் நுரை அடங்க மாட்டேங்குது, எண்ணெய் கெட்டியா வழியுதுன்னா அது முடிஞ்ச எண்ணெய். ஆனா ஒண்ணு கவனிங்க. புதுசா ஆட்டின செக்கு எண்ணெயும் முதல் சூட்டுல நுரைக்கும். அது மிச்சம் இருக்கிற ஈரமும் கசடும். நுரையை மட்டும் பார்த்துத் தீர்ப்பு சொல்லாதீங்க, மூக்கையும் கேளுங்க.

நம்பக் கூடாத அடையாளங்களும் இருக்கு. நிறம் ஒண்ணு. வறுத்த கடலையில எடுத்தது கருத்திருக்கும், பச்சைக் கடலை எண்ணெய் வெளிறியிருக்கும், ரெண்டுமே நல்லதா இருக்கலாம். ஃபிரிட்ஜ்ல வெச்சா கடலை எண்ணெய் கலங்கி உறையும். அது கெட்டதும் இல்லை, பாமாயில் கலந்ததுன்னு அடையாளமும் இல்லை. வெளியே வெச்சா தெளிஞ்சிடும்.

மூக்குக்கும் தெரியாதது

1960இல் இங்கிலாந்துல ஒரு லட்சத்துக்கும் மேல வான்கோழிக் குஞ்சுகள் கூட்டம் கூட்டமா செத்துச்சு. தேடிப் பார்த்தா, தீவனத்துல கலந்த வேர்க்கடலைப் புண்ணாக்குல பூஞ்சை. அந்தப் பூஞ்சை விடுற விஷத்துக்கு அஃப்லடாக்சின்னு பேர் வெச்சாங்க. கல்லீரலைக் கெடுக்கிற விஷம். 1974இல் ராஜஸ்தான், குஜராத் எல்லையில பழங்குடி மக்கள் மழையில நனைஞ்ச மக்காச்சோளத்தைச் சாப்பிட்டு, நூறு பேருக்கு மேல இறந்ததும் இதனாலதான்.

இது வாசனையில தெரியாது, சமையல் சூட்டுல முழுசா சாகாது. ரீஃபைன் செய்யறப்ப பெரும்பாலும் போயிடும். செக்கு எண்ணெயில அப்படி ஒரு வேலை நடக்கிறதில்லை. அதனால செக்கு எண்ணெய்க்குக் காவல் கடலையைப் பொறுக்கறதுதான். பச்சை, மஞ்சள், கறுப்புப் பூஞ்சை பிடிச்சது, சுருங்கினது, நிறம் மாறினது, உடைஞ்சு பூச்சி அரிச்சது எல்லாத்தையும் ஒதுக்கணும். ஒதுக்கினதை மாட்டுக்கும் போடாதீங்க. பூஞ்சைப் புண்ணாக்குத் தின்ன மாட்டோட பால்லயும் அந்த விஷம் இறங்கும். அந்தப் பாலைக் குடிக்கிறது நம்ம பிள்ளைங்கதான்.

ஆட்டின எண்ணெயை அகலப் பாத்திரத்துல ஊத்தி, மெல்லிசு வெள்ளைத் துணி கட்டி ஒரு நாள் வெயில்ல வைக்கிற பழக்கம் நம்ம பக்கம் உண்டு. ஈரம் போகும், கசடு இறங்கும். வெயில் பட்டா எண்ணெயில இருக்கிற அஃப்லடாக்சின் குறையுதுன்னு மைசூர்ல இருக்கிற மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்துலயும் ஆராய்ஞ்சு சொல்லியிருக்காங்க. அதுக்காகத் தினமும் வெயில்ல வெச்சா எண்ணெய் காறிடும். ஒரு நாள் வெயில், அப்புறம் இருட்டு. இதுதான் கணக்கு. வெயில்ல வைக்கலாம்னு கெட்ட கடலையை ஆட்டிடவும் கூடாது.

வைக்கிற முறை

காயை நல்லா காய வையுங்க. காதுகிட்ட குலுக்கினா உள்ளே பருப்பு கடகடன்னு சத்தம் போடணும். மூட்டையைத் தரையில போடாம பலகை மேல, சுவரை ஒட்டாம அடுக்குங்க. ஆட்டறதுக்கு முன்னாடி உடைச்சா போதும்.

ஒரு லிட்டர் எண்ணெய்க்கு சுமார் இரண்டரை கிலோ பருப்பு வேணும். இந்தக் கணக்கு தெரிஞ்சிருந்தா, கடலை விலையைவிட மலிவா "சுத்தமான செக்கு எண்ணெய்" விற்கிறவங்களைக் கேள்வி கேட்கலாம். எண்ணெய் தண்ணியைவிட லேசு. ஒரு லிட்டர் சுமார் 910 கிராம்தான் இருக்கும். 15 கிலோ டின்னுல பதினாறு லிட்டருக்கு மேல வரும். பங்கு போடறப்ப கிலோவையும் லிட்டரையும் குழப்பினா குழுவுக்குள்ள சண்டைதான்.

ஆட்டின எண்ணெயை நாலஞ்சு நாள் அசைக்காம வெச்சுத் தெளிய விடுங்க. மேலாக இறுத்து, துணியில வடிகட்டுங்க. அடி வண்டலைச் சேர்க்காதீங்க. ஊர்ப் பேர்ல வண்டல் இருக்கட்டும், எண்ணெயில வேணாம்.

எவர்சில்வர், பீங்கான் ஜாடி, கண்ணாடி பாட்டில் நல்லது. கண்ணாடின்னா இருட்டு அலமாரியில வையுங்க, இல்லைன்னா துணி சுத்துங்க. பாத்திரத்தைக் கழுவினா வெயில்ல ஒரு பொட்டு ஈரம் இல்லாம காய வையுங்க. கழுத்து வரைக்கும் நிரப்புங்க. பெரிய டின்னைத் தினமும் திறக்கிறதைவிட, ஒரு லிட்டர் பாட்டில்களா பிரிச்சு ஒவ்வொண்ணா திறங்க. அடுப்புப் பக்கம், ஜன்னல் ஓரம், ஃபிரிட்ஜ் தலை மேல வேண்டாம். அங்க எல்லாம் சூடு. ஈரக் கரண்டி கூடவே கூடாது. பூச்சி மருந்து வந்த கேன், பெயிண்ட் டப்பாவை எவ்வளவு கழுவினாலும் எண்ணெய்க்கு எடுக்காதீங்க.

நாலு மிளகு போட்டு வைக்கிற பழக்கம் சில வீடுகள்ல உண்டு. போடறவங்க காஞ்ச மிளகா பார்த்துப் போடட்டும். ஆனா மிளகை நம்பி மூடியைத் திறந்து வைக்கக் கூடாது. செக்கு எண்ணெயை மூணு மாசத்துக்குள்ள முடிக்கிற மாதிரி வாங்கறதுதான் பாதுகாப்பு. திறந்த பாட்டில் ஒரு மாசத்துக்குள்ள தீரட்டும்.

சுட்ட எண்ணெய்

பலகாரம் போடற சகோதரிகளுக்குத் தனியா ஒரு வார்த்தை. எண்ணெய் ஒவ்வொரு தடவை கொதிக்கிறப்பவும் அதுல கெட்ட பொருள் சேர்ந்துக்கிட்டே வருது. பொரிக்கிற எண்ணெயில அது 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாதுன்னு 2018 ஜூலை முதல் விதி இருக்கு. நம்மகிட்ட அளக்கிற கருவி இல்லை. அதனால சுட்ட எண்ணெயை வடிகட்டி, தனிப் பாத்திரத்துல வெச்சு, ரெண்டொரு நாள்ல தாளிப்புக்கு முடிச்சிடணும். திரும்பத் திரும்பப் பொரிக்க வேண்டாம், புது எண்ணெயோட கலக்கவும் வேண்டாம். காறின எண்ணெயில போட்ட முறுக்கு, போட்ட அன்னிக்கு நல்லாத்தான் இருக்கும். பத்தாவது நாள் வாங்கினவங்க வீட்டு டப்பாவுல நம்ம பேரைச் சொல்லி நாறும். ஒரு தடவை திரும்பி வந்த பாக்கெட், பத்து வருஷம் சேர்த்த நம்பிக்கையை எடுத்துக்கிட்டுப் போயிடும்.

காறின எண்ணெயை என்ன செய்யறது? விளக்குக்கு ஊத்தலாம், கதவுக் கீலுக்குப் போடலாம். மார்செய்க்காரங்க செஞ்ச மாதிரி சோப்புக்குப் போகலாம். அதுக்குக் காரம் கலக்கணும், அது கையைப் புண்ணாக்கும். முறையா பயிற்சி எடுத்துக்கிட்டவங்க மட்டும் செய்யணும். சாக்கடையில ஊத்தினா அடைச்சுக்கும்.

நாம செய்யக் கூடியது

மொத்தமா வாங்கற குழுக்கள் சின்னதா ஒரு ஒழுங்கு வெச்சுக்கலாம். செக்குக்காரர் கிட்ட விலையைக் கேட்கிற மாதிரி, ஆட்டின தேதியையும் கேளுங்க. அதைக் குழு நோட்டுல எழுதுங்க, பாட்டில் மேலயும் ஒட்டுங்க. முதல்ல வந்தது முதல்ல போகட்டும். ஒவ்வொரு தொகுப்புலயும் ஒரு சின்ன பாட்டிலை மாதிரிக்குத் தனியா எடுத்து வையுங்க. யாராவது காறிடுச்சுன்னு சொன்னா, மாதிரி பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்தா, தப்பு எண்ணெயில இருந்துச்சா வெச்ச இடத்துல இருந்துச்சான்னு தெரிஞ்சிடும். சண்டை பாதியா குறையும். எண்ணெய் விற்க நினைக்கிற குழுக்கள் உணவுப் பாதுகாப்புப் பதிவு வாங்கி, லேபிள் ஒட்டித்தான் விற்கணும். கலப்படம்னு சந்தேகம் வந்தா, வாங்கினவங்களே கட்டணம் கட்டிப் பரிசோதனை செஞ்சுக்கவும் 2006 சட்டத்துல இடம் இருக்கு.

சகோதரிகளே, மல்லாட்டையைக் கப்பல் ஏத்தின காலத்துல, அது கெட்டுதா இல்லையான்னு முடிவு சொன்னது கடலுக்கு அந்தப் பக்கம் இருந்த வியாபாரி. பாக்கெட் காலத்துல அதைச் சொல்றது அச்சடிச்ச தேதி. செக்கு எண்ணெயில அந்த முடிவு திரும்பவும் நம்ம மூக்குக்கும் நாக்குக்கும் வந்திருக்கு. வீட்டுக்குப் போனதும் உங்க எண்ணெய்த் தூக்கைத் திறந்து, ரெண்டு சொட்டு உள்ளங்கையில தேய்ச்சு மோந்து பாருங்க. பிள்ளைங்களையும் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொல்லுங்க. அவங்களுக்கும் தெரியட்டும்.